பன்னெண்டு படம், ஒரு முகம்

"பெத்த மகனோட நல்ல போட்டோ ஒன்னுகூடவா உங்ககிட்ட இல்ல?"

ஆனந்தராஜ் கேட்டேவிட்டான். கறம்பக்குடியில் ஸ்டுடியோ வைத்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தாயை அவன் பார்த்ததில்லை.

செவந்தி கோபப்படவில்லை. போனை நீட்டினாள்.

"எல்லாம் பழசு தம்பி. குணசேகரன் துபாய் போயி நாலு வருசமாச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் வீடியோல வருவான். அப்ப நானே புடிச்சு வச்சேன். வர்ற ஞாயிறு அவனுக்குப் பொறந்தநாளு. அவனுக்கே அனுப்பணும்."

ஒரே பேச்சில் பிடித்த பன்னிரண்டு ஸ்க்ரீன்ஷாட். பன்னிரண்டும் மங்கல்.

"தனியா ஒன்னும் தேறாது. பன்னெண்டையும் கம்ப்யூட்டர்ல ஒன்னுமேல ஒன்னா அடுக்கிச் சேத்தா தெளிவு வரும். நேரமாகும் ஆத்தா."

"ஆகட்டும். வீட்டுக்குப் போயி மட்டும் யாருகிட்டப் பேசப்போறேன்?"

அடுக்கினான். வேடிக்கையைப் பாருங்கள், பேசப் பேச ஆடிய முகம் கலங்கலாகவே நின்றது. பின்னால் அசையாமல் இருந்த ஜன்னல்தான் பளிச்சென்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு டீக்கடை போர்டு. அதன் கடைசி வரியில், 'இலுப்பூர்'.

இலுப்பூரா! ரெண்டு பஸ் மாறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாமே, படுபாவி!

ஆனந்தராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லிவிடத்தான் திரும்பினான். செவந்தி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, போனை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி கம்ப்யூட்டர் பக்கமே திரும்பிக்கொண்டான்.

முகத்துக்கு முகம் பொருத்தி மறுபடி அடுக்கினான். ஜன்னலை அழித்து வெள்ளைச் சுவராக்கிக் காட்டினான்.

செவந்தி மகன் முகத்தைக்கூட அப்புறம்தான் பார்த்தாள்.

"ஜன்னல் எங்க தம்பி?"

"அது... முகம் எடுப்பாத் தெரியட்டும்னு எடுத்துட்டேன் ஆத்தா."

"நல்லதாப் போச்சு. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"ஏன் ஆத்தா?"

"போன மாசம் அவன் பேசுறப்ப, பின்னாடி ஒரு கண்டக்டரு 'புதுக்கோட்டை, புதுக்கோட்டை'ன்னு கத்துனாரு. துபாய்ல ஏது தம்பி புதுக்கோட்டை பஸ்ஸு?"

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? இலுப்பூர்லதான் இருக்கான். நேராப் போயி நின்னு கேளுங்க!"

செவந்தி படத்தைத் தடவினாள்.

"என்ன கஷ்டமோ, என்ன வெக்கமோ. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சா, அந்த ஞாயித்துக்கிழமை போனும் வராது தம்பி."