சந்தனப் பொட்டு

வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு நினைவுகளை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. மாலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும், பூங்கோதை தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளி போல நிற்பாள். கணவன் சென்னியப்பன் உள்ளே கூப்பிட்டு, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிடுவான்.

ஆயுத பூஜை அன்றும் அவளுக்கு ஷிப்ட். சென்னியப்பன் மிக்சிக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்தான். டிஸ்க்குக்கு மட்டும் சந்தனத்தை நிறையக் குழைத்து அப்பினான். அதற்குள் இருப்பது அவள் அல்லவா?

அன்று மாலை கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரியவே இல்லை. கேபிளை மாற்றினான்; வேறு போர்ட்டில் செருகினான். கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினான்.

கடைக்காரர் மூடியைக் கழற்றினார்.

"சந்தனத் தண்ணி உள்ள இறங்கியிருக்குதுங்க. ஈரத்தோட கரண்ட் குடுத்துட்டீங்க, சிப்பே கருகிப்போச்சு. வேற காப்பி இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

கைப்பையோடு பெஞ்சு ஓரத்தில் காத்திருந்த பூங்கோதை எழுந்து வந்தாள்.

"அழுவாதீங்க சார்" என்றாள். "அதுல இருந்தவங்க உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா?"