நகப்பூச்சுப் புள்ளி

மூட்டை தூக்கும் இசக்கி, புது கேம் திணறாமல் ஓடவேண்டும் என்று தன் பழைய சிபியுவைத் தோளில் சுமந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தான். கடைக்காரன் நீட்டிய செகண்ட்ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான் அவனுக்கு எட்டுகிற விலை. திருப்பிப் பார்த்தான். அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள், கடையில் பாகத்தை மாற்றிவிடக் கூடாதென்று வைக்கிற அடையாளம்.

"இத யாருடே வித்தது?"

"துபாய் போறவரு, அண்ணாச்சி. அவசரமா குடுத்துட்டுப் போனாரு."

"விக்கிறவன் எதுக்குப் புள்ளி வைக்கான்?"

"அது அழுக்கு" என்று கடைக்காரன் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். புள்ளி போய்விட்டது. "சிபியுவ விட்டுட்டுப் போங்க. நாளைக்கு மாட்டி வைக்கேன்."

இசக்கி சிபியுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"இப்பவே மாட்டு. என் கண்ணு முன்னால."