நேற்று ஓடிய மோட்டார்

"டீச்சர், மோட்டாரு இன்னைக்கும் ஓடல."

"ஏன்னு பாருங்கண்ணே," என்று சொல்லிவிட்டு சித்ரா அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

பாண்டீஸ்வரனுக்கு எரிச்சலாக வந்தது. தேயிலை ஃபேக்டரியை மூடியதால், நாற்பத்தைந்து வயதில் சூரியநெல்லிப் பயிற்சி நிலையத்தில் மோட்டார் ரிப்பேர் படிக்க வந்தவர் அவர். சொல்லித்தர வேண்டியவளுக்கோ மகள் வயது. மூன்று மாதமாக அவள் சொன்னதெல்லாம் "பாருங்கண்ணே" மட்டும்தான். அவர் மாலையில் ஓடவைத்துவிட்டுப் போகும் மோட்டார், காலையில் செத்துக் கிடக்கும்.

"ஓட்ட மோட்டாரு, ஒண்ணும் தெரியாத டீச்சரு. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துர வேண்டியதுதான்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மறுநாள் புகார் மனுவோடு சீக்கிரமே கிளம்பினார்.

வகுப்பில் சித்ரா மட்டும் இருந்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவருடைய மோட்டாரை நிறுத்தி, உள்ளே ஒரு வயரைக் கழற்றினாள்; பிறகு தலையை ஆட்டிக்கொண்டு அதையே திரும்ப மாட்டினாள்.

"நீங்கதான் தினமும் கெடுக்கிறீங்களா டீச்சர்?"

அவள் பதறவில்லை. ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அவர் பெயருக்குக் கீழே, நாளுக்கு ஒன்றாக எழுபத்திரண்டு கோளாறுகள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'தானே கண்டுபிடித்தார்'.

பாண்டீஸ்வரன் தன் கைகளையே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இன்றைய தேதியில் ஒரே வரிதான் இருந்தது: 'இதற்கு மேல் கெடுக்க எனக்குத் தெரியாது.'