பூங்கோதைக்கு வந்த கடிதம்

என் தையல் கடைக்கு 'ஊசிமலர்' என்று போர்டு மாட்டிய பிறகுதான், அந்தப் பெயரில் இணையதள முகவரியைப் பூங்கோதை என்பவர் பல வருடங்களுக்கு ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பது தெரிந்தது. விலைக்குக் கேட்டு ஆறு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலே இல்லை. "என்ன திமிரு பாரேன்," என்று மனைவியிடம் பொருமினேன். பதிவின் கெடு முடிந்தும் அவர் புதுப்பிக்காமல் விடும் நாளுக்காகக் காத்திருந்து, முகவரியைப் பிடித்துக்கொண்டேன். அந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களும் எனக்கே வரும்படி செய்தேன். ஆர்டர் ஏதாவது வழிதவறி வந்தால் லாபம்தானே.

வெள்ளிக்கிழமை முதல் கடிதம் வந்தது. "கோதை, உன் மெஷினுக்கு இன்னைக்கு எண்ணெ போட்டேன். நம்ம சின்னவ காலேஜ் சேந்துட்டா." படித்துவிட்டதை அனுப்பியவருக்குத் தெரிவிக்கவா என்று திரை கேட்டது. கைப்பழக்கத்தில் சரி என்று அழுத்திவிட்டேன்.

மறுநாளே இன்னொன்று வந்தது. "நீ கண்ண மூடினதுலேர்ந்து மூணு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம எழுதுறேன். நேத்துதான் நீ படிச்சதா வந்துச்சு. இனிமே தினமும் எழுதுறேன்."

என் ஆறு கடிதங்களும், புதுப்பிக்கச் சொன்ன நினைவூட்டல்களும் யாருடைய பெட்டியில் கிடந்தன என்று அப்போதுதான் உறைத்தது.

திரை மறுபடியும் கேட்கிறது, தெரிவிக்கவா என்று.