சூடேறாத தொட்டி

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய பூச்சிமருந்து ஆலையில், கழிவுத் தொட்டியின் ஓரம் நிற்கிறாள் வேதியியலாளர் உமைமா. நேற்றுவரை கறுத்துக் கிடந்த தண்ணீரில் இன்று வெயில் அடிவரை இறங்குகிறது. "பாருங்க மேடம், கண்ணாடி மாரி கீது. மருந்து ஊத்துனதுல விஷம்லாம் பூடுச்சு. தொறந்து வுட்றலாமா?" என்கிறார் மேற்பார்வையாளர் கிருஷ்ணப்பன். அவள் குனிகிறாள். குளோரின் கலந்த அந்தப் பழைய நெடி, மெல்லியதாக, ஆனால் மாறாமல் மூக்கில் ஏறுகிறது. தொட்டியின் இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைக்கிறாள். ஜில்லென்று இருக்கிறது. "பெராக்சைடு விஷத்த ஒடைக்கறப்ப தொட்டி சூடாவுமே அண்ணே?" "காலைலயே ஆறிடுச்சும்மா." நிழலில் அடுக்கியிருக்கும் பெராக்சைடு கேன்களில் ஒன்றின் சீல்கூட உடையவில்லை. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அப்பால், நெட்டுக்குப்பத்துப் பெண்கள் இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். யாரோ சிரிப்பது கேட்கிறது. கிருஷ்ணப்பன் தொட்டி நீரைக் கழிமுகத்துக்குத் திறந்துவிடும் வால்வை நோக்கி நடக்கிறார். உமைமா முந்திச் சென்று அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். "வெறும் தண்ணிய ஊத்தி வெளுக்க வெச்சிகீறீங்க. மொதல்ல சீல ஒடைச்சி மருந்த ஊத்துங்க. நான் இங்கயே நிக்கறேன்." அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, "மொதலாளி லைன்ல கீறாரு, பேசுங்க" என்று நீட்டுகிறார். போனின் திரை இருட்டாகவே இருக்கிறது. அவள் சக்கரத்தின் மேல் இன்னொரு கையையும் வைக்கிறாள்.