தேவைப் பட்டியல்

புது சர்வர் வாங்க ஆலோசனை சொல்ல வந்த நிபுணர் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்த பார்வை இருக்கிறதே, குப்பைத்தொட்டியைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். யாரையும் கேட்காமல் குனிந்து, மேசைக்கடியில் தன் லேப்டாப் சார்ஜரைச் செருகினார்.

"சார், அங்க..." என்றாள் கம்ப்யூட்டர் டீச்சர்.

"டெக்னிக்கலா பேசறப்போ குறுக்க வராதீங்கம்மா." தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "ஆயிரம் பிள்ளைங்க பாடம் படிக்கற வெப்சைட் மேடம். அறுபத்துநாலு ஜிபி ராம், ரெண்டு பிராசஸர், தனி ஏசி ரூம். இதுக்குக் குறைஞ்சா தாங்காது. இப்ப எதுல ஓடுது?"

ராக்கெட் விடப்போகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர். "பழைய கம்ப்யூட்டர் சார். நாலு ஜிபி."

அவர் உதட்டைப் பிதுக்கினார். லேப்டாப்பில் பள்ளியின் பாடத்தளத்தைத் தட்டினார். திரை வெள்ளையாகவே நின்றது.

"பாத்தீங்களா? படுத்துடுச்சு."

அவர் நீட்டிய தேவைப் பட்டியலை வாங்கி, தலைமையாசிரியை பெருமூச்சோடு பேனாவை எடுத்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

டீச்சர் குனிந்து சார்ஜரைப் பிடுங்கி நிபுணரின் மடியில் போட்டாள். கீழே அவர் கழற்றிப் போட்டிருந்த ப்ளக்கை அதே இடத்தில் செருகினாள். மேசைக்கடியில் பழைய கம்ப்யூட்டர் பெட்டி உறுமியது. கொஞ்ச நேரத்தில் திரையில் பாடம் வந்தது.

"நாலு வருஷமா படுக்காத சர்வர் மேடம். இதுக்குத் தேவை ஒண்ணே ஒண்ணுதான், எழுதிக்குங்க. நிபுணர்கள் சார்ஜ் போட தனியா ஒரு ப்ளக் பாயிண்ட்."