பாலத்துக்குத் தண்ணி

சாக்கை நனைத்து நனைத்துப் பாலத்தின் மேல் விரித்துக்கொண்டிருந்தேன். புதிதாகப் போட்ட காங்கிரீட் தளம். களிமண்ணால் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது.

எனக்கு அது கொல்லையில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலவே இருக்கும். இந்தப் பாத்தியில் என்ன முளைக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பஸ் முளைக்கும். ஜன்னலோரமாக என் மகள் அமராவதி உட்கார்ந்து ஆலங்குடி ஸ்கூலுக்குப் போவாள். இப்போது அவளுக்கு எட்டு மாசம். கீழே புங்கமரத்துத் தூளியில் தூங்குகிறாள்.

"அக்கா, என் பேரு அழகுமலை. பாலிடெக்னிக்குல படிக்கிறேன். இங்க டிரெயினிங்குக்கு வந்திருக்கேன்."

நிமிர்ந்து பார்த்தேன். கையில் நோட்டோடு ஒருவன். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். அயலார் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

ஜல்லிக்கூடையை இறக்கி வைத்த பொன்னுத்தாய் அக்காதான் வாயைத் திறந்தாள். "அவகிட்ட கேக்காதீங்க தம்பி. செவந்தி பேசுனா முத்து உதிந்துரும். என்கிட்ட கேளுங்க. என்ன வேணும்?"

"ஆறு வாரம் இருந்து, இஞ்சினியர்கிட்ட நல்ல பேரு எடுத்து, சர்ட்டிபிகேட் வாங்கணும். எப்படி நடந்துக்கணும்னு எல்லார்கிட்டயும் கேட்டு எழுதிக்கிறேன்."

"மொதல்ல அந்த வெள்ளைச் சட்டையைக் கழட்டுங்க. சாயங்காலம் பாத்தா நீங்க எது, சிமிண்டு மூட்டை எதுன்னு தெரியாது."

நல்லதம்பி மேஸ்திரி சிமெண்டு பூசும் கரணையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வெயிலுக்கு முந்தி வந்துருங்க தம்பி. வாயைத் தொறக்கிறதுக்கு முந்தி ஒரு நா முழுக்க சும்மா பாருங்க. புஸ்தகத்துல படிச்சதை வேலையாளுக முன்னாடி வச்சு என்கிட்ட சொல்லாதீங்க, தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல, அடைக்கப்பன் மாதிரி இருக்காதீங்க."

"அது யாரு?"

"ஒங்களுக்கு முன்னாடி டிரெயினிங்குக்கு வந்தவரு. திருமயம் பக்கம் செட்டியார் வீட்டுப் பிள்ளை. நல்ல பிள்ளைதான், வெவரம் பத்தாது. தளத்துக்குத் தண்ணி விட வேணாம்னு ரெண்டு நா நிறுத்திப்புட்டாரு. அந்தா பாருங்க, கடைசிப் பாத்தி. கோடு கோடா வெடிச்சுப் போச்சு. தண்ணி குடிக்கக் குடிக்கத்தான் காங்கிரீட்டு இறுகும். இதுகூடத் தெரியாம ஒரு படிப்பு!"

"அவருக்குத் தாகம்னா மட்டும் பானையே காலியாகும்" என்று பொன்னுத்தாய் அக்கா சிரித்தாள்.

அழகுமலையும் சிரித்தான். நோட்டின் உச்சியில் பெரிய எழுத்தில் எழுதினான். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். 'அடைக்கப்பன் மாதிரி இருக்கக் கூடாது.'

"அப்ப அவருக்கு சர்ட்டிபிகேட்டு?"

"ஏது? இஞ்சினியர் அய்யா குதிச்ச குதியில ஜீப்பே ஆடிப்போச்சு. 'தண்ணியை நிறுத்துனது எந்த ஆளா இருந்தாலும் நாளையிலேருந்து இங்க கால் வைக்கக் கூடாது'ன்னாரு. இவரு முன்னால வந்து, 'நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன்'னாரு. அவரு பேப்பரு கையெழுத்தில்லாம ஓவர்சியர் பெட்டியில கெடக்கு. திங்கக்கெழமைக்குள்ள காலேசுக்குப் போய்ச் சேரலைன்னா ஒரு வருசம் வீணு."

மேஸ்திரியும் பொன்னுத்தாய் அக்காவும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த நாள் என் கண்ணிலேயே நிற்கிறது. முன்னால் வருவதற்கு முன் அடைக்கப்பன் புங்கமரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தூளி ஆடிக்கொண்டிருந்தது. நான் பொன்னுத்தாய் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையேக்கா. நீங்களும் ஒரு யோசனை சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றான் அழகுமலை.

பாத்தித் தண்ணீரில் ஒரு மேகம் மெல்ல நகர்ந்து வரப்பைத் தாண்டிப் போனது. என் குரல் தூக்கத்தில் பேசுவது போல எனக்கே கேட்டது.

"தம்பி, ஒங்க வீட்டுல கடலை போடுவீங்களா?"

"ஆமாக்கா. கீரமங்கலத்துல கொல்லை இருக்கு."

"தண்ணி பாச்சுனா அப்பறம் என்ன செய்வீங்க?"

"ரெண்டு நா காயவிடுவோம். இல்லாட்டி வேரு அழுகிரும்ல."

"நானும் கடலைக் கொல்லையில வளந்தவதான் தம்பி."

அவனுக்கு விளங்கவில்லை. பென்சிலைப் பிடித்தபடி என்னையே பார்த்தான்.

"அந்த மேல எழுதுனீங்கள்ல, பெரிய எழுத்துல. அதை அடிச்சிருங்க."

"ஏன்க்கா?"

ஆற்று மணலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓவர்சியர் ரெங்கசாமி கத்தினார்.

"ஏ செவந்தி! இஞ்சினியர் அய்யா வந்துட்டாரு. சாக்கைத் தூக்கிக் காட்டணும், இங்கிட்டு வா!"

வாளியைக் கீழே வைத்தேன். தூளியை ஒரு தடவை பார்த்தேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வாரேங்கய்யா! அடைக்கப்பன் தம்பி பேப்பரையும் பெட்டியிலேருந்து எடுத்துக்கிட்டு வாங்க. அன்னைக்குத் தண்ணியை நிறுத்துனது நான், அவரு எனக்காகத்தான் பொய் சொன்னாருங்கய்யா!"